வீட்டுக்குப் பின்னால் தொடங்கிய 6.30 மீட்டர்: டுப்ளான்டிஸ் ஜெயித்தது எப்படி?

2025 செப்டம்பர், டோக்கியோ. கோலூன்றித் தாண்டுதலில் ஸ்வீடன் வீரர் அர்மாண்ட் டுப்ளான்டிஸ் தாண்டிய உயரம் 6.30 மீட்டர். உலக சாதனை!

அப்பா கிரெக், 5.80 மீட்டர் தாண்டிய போல் வால்ட் வீரர். அம்மா ஹெலனா, ஹெப்டத்லான் வீராங்கனை. அமெரிக்காவின் லஃபாயெட்டில், வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுபாதை, மெத்தை எல்லாம் ரெடி. பயிற்சி கொடுத்ததும் பெற்றோர்தான்.

கபடிக்கு ஒரு திடல் போதும். இதுக்கு அப்படி இல்லை. பிள்ளை வளர வளர, உடல் எடைக்கு ஏற்ப கோலையும் மாத்திக்கிட்டே இருக்கணும்.

நம்மாலும் முடியும். 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் 5.31 மீட்டர் தாண்டி, அப்போதைய தேசிய சாதனை படைத்தவர் தமிழக வீரர் சிவா.

நாளைக்கு தா.பழூர்ப் பிள்ளை ஒருத்தருக்கு இந்த ஆசை வந்தால்? டுப்ளான்டிஸுக்கு வீடு கொடுத்ததை, இங்கே பள்ளிதான் கொடுக்கணும்.