மூன்றாவது அழுங்கு: மண்டையோட்டில் தீர வேண்டிய வழக்கு

புதுதில்லி: எறும்புத்தின்னி எனப்படும் அழுங்கு, இந்தியாவில் இரண்டே இனம் என்பதுதான் நெடுங்காலமாக இருந்து வந்த கணக்கு. சமவெளியிலும் தக்காணத்திலும் இந்திய அழுங்கு. வடகிழக்கு மாநிலங்களில் சீன அழுங்கு.

இந்தக் கணக்கை இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் 2025-ல் மாற்றினர். அருணாசலப் பிரதேசத்தில் கிடைத்த அழுங்கின் மரபணுவை ஆராய்ந்த அவர்கள், அது சீன அழுங்கிலிருந்து சுமார் 34 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தனி இனம் என்று கூறி, இந்திய-பர்மிய அழுங்கு எனப் பெயரிட்டனர்.

மரபணு சொன்னதை எலும்பும் சொல்கிறதா என்பதே அடுத்த கேள்வி. பாலூட்டிகளை இனம் பிரிக்கவும் வயதை மதிப்பிடவும் விலங்கியலாளர்கள் முதலில் பார்ப்பது பற்களை. அழுங்குக்கோ ஒரு பல்கூட இல்லை. வழவழப்பான கூம்பு வடிவ மண்டையோடு, குச்சிபோல் மெலிந்த கீழ்த்தாடை, பெரும்பாலும் முழுமை பெறாத கன்ன எலும்பு வளைவு. மெல்லுகிற வேலையே இல்லாததால் தசைகளைத் தாங்கும் மேடு பள்ளங்களும் குறைவு.

இந்த எளிமை அறிஞர்களை ஏமாற்றியதும் உண்டு. பல் இல்லாத ஒற்றுமையைக் கண்டு, தென் அமெரிக்க எறும்புண்ணியோடு அழுங்கையும் ஒரே வரிசையில் வைத்திருந்தனர். (தமிழிலும் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவது தற்செயலல்ல.) உண்மையில் அழுங்கின் நெருங்கிய உறவினர், நாயும் பூனையும் அடங்கிய ஊனுண்ணிகளே. மண்டையோட்டின் உள்ளே, பெருமூளையையும் சிறுமூளையையும் பிரிக்கும் தடுப்பு எலும்பாக மாறியிருப்பது இரு கூட்டத்துக்கும் பொதுவானது.

ஆனாலும் ஓடு பயனற்ற சாட்சி அல்ல. பிலிப்பைன்ஸின் பலவான் தீவு அழுங்கு, மலாய் அழுங்கிலிருந்து வேறுபட்ட இனம் என 2005-ல் உறுதி செய்யப்பட்டபோது, செதில் வரிசைகளோடு, மண்டையோட்டின் நீளத்தில் மூக்கெலும்பின் பங்கும் அளவுகோலாக இருந்தது. இப்போது ஓடுகளை முப்பரிமாணப் படமெடுத்து, குறித்த புள்ளிகளைக் கணினியில் ஒப்பிடுகின்றனர். இதிலும் ஓர் இக்கட்டு உண்டு. ஓடு வளர வளர வடிவமும் மாறுவதால், குட்டியின் ஓட்டையும் முதிர்ந்ததன் ஓட்டையும் அருகருகே வைத்தால் இல்லாத இனங்கள் தோன்றிவிடும்.

பெயரிலும் சிக்கல் இருக்கிறது. காத்மாண்டுவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹாட்ஜ்சன், நேபாள அழுங்குக்கு 1836-லேயே தனிப்பெயர் சூட்டினார். பிற்காலத்தவர் அதைச் சீன அழுங்கின் துணையினமாக்கிவிட்டனர். நேபாள விலங்கும் அருணாசல விலங்கும் ஒன்றே என்றால், பெயரிடல் விதிப்படி பழைய பெயருக்கே முன்னுரிமை.

பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. சீன அழுங்கு ஏற்கெனவே அழிவின் விளிம்பில் உள்ள இனம். அது இரண்டாகப் பிரிந்தால், ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் பரப்பும் இன்னும் சுருங்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அழுங்கு இருந்தும், சர்வதேச வணிகத்துக்கு 2017 முதல் தடை இருந்தும், செதில் கடத்தல் நிற்கவில்லை.

பறிமுதலாகும் மூட்டைகளில் பெரும்பாலும் செதில்களே இருக்கும், தலை இராது. ஆகவே ஒப்பீட்டுக்கு, அருங்காட்சியகங்களின் பழைய இழுப்பறைகளில் உள்ள ஓடுகளையே நம்ப வேண்டியிருக்கிறது. வடகிழக்குக் காடுகளில் இறந்து கிடக்கும் அழுங்கின் தலையை, கிடைத்த இடம், பால், உடல் அளவு ஆகிய குறிப்புகளோடு ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்ப வனத்துறை ஏற்பாடு செய்யலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.