இடைமுகப் பலகைகளைக் கையாளும் முறை

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் மலைச்சாலையில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது மறையூர். சந்தன மரத்துக்கும் வெல்லத்துக்கும் பெயர்பெற்ற இவ்வூர் மழைமறைவுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. மூணாற்றில் பெருமழை கொட்டும் ஆடி மாதத்திலும் இங்கே மழை குறைவே. மாசி, பங்குனியிலோ காற்று நன்கு வறண்டுவிடுகிறது. மறையூர் அடங்கிய இடுக்கி மாவட்டமே, பின்னாளில் பாரத்நெட் எனப் பெயர்பெற்ற தேசியக் கண்ணாடி இழை வலையால் இந்தியாவில் முதன்முதல் இணைக்கப்பட்ட மாவட்டம் என்று 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. வரி செலுத்துதல், சான்றிதழ் பெறுதல் முதலிய காரியங்களுக்கு இன்று இத்தகைய வலைகளையே மக்கள் நம்பியிருக்கின்றனர்.

வலையின் முக்கியமான சந்திப்புகளில், பல இழைகள் வந்து கூடுமிடத்தில், ஸ்விட்சு என்னும் சாதனம் நிறுவப்படுகிறது. வந்த செய்தியை உரிய வழியில் திருப்பி அனுப்புவது இதன் தொழில். பெரிய ஸ்விட்சுகள் ஒரே பெட்டியாக அமைவதில்லை. புத்தக அலமாரியைப் போன்ற ஓர் இரும்புச் சட்டகமும், அதனுள் செருகப்படும் தனித்தனிப் பலகைகளுமாக அவை அமைந்துள்ளன. இழைகளையும் கம்பிகளையும் ஏற்றுக்கொள்ளும் பலகைக்கு இடைமுகப் பலகை என்று பெயர். தொழிலாளர் இதைக் கார்டு என்பர். ஒரு கார்டு பழுதுற்றால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்; மற்றவை இடையறாது வேலை செய்யும்.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டைச் செருகுவது எவ்வாறு சாத்தியம் என்று வாசகர்கள் வினவக்கூடும். சட்டகத்தின் பின்பலகையில் உள்ள ஊசிகள் யாவும் ஒரே நீளமுள்ளவை அல்ல என்பதே இதன் இரகசியம். நீளமானவை நிலத்தொடர்பு ஊசிகள். ஆதலின் அவையே முதலில் தொடுகின்றன. அடுத்து மின்னூட்டும் ஊசிகளும், அதன் பின்னர் செய்தி செல்லும் ஊசிகளும் தொடுகின்றன. கார்டு முழுவதும் அமர்ந்ததை அறிவிக்கும் மிகக் குட்டையான ஊசி இறுதியில் தொடுகிறது. கழற்றும்போது இம்முறை தலைகீழாகிறது. எனவே கார்டைப் பாதி வழியில் நிறுத்துவதும், ஒரு பக்கம் சாய்த்துத் தள்ளுவதும் தவறு. தடத்தில் நேராக வைத்து, ஒரே சீராகத் தள்ளி, இரு முனைகளிலுமுள்ள நெம்புகோல்களை ஒருங்கே மடக்க வேண்டும். எதிர்ப்புத் தென்பட்டால் பலத்தைக் கூட்டாமல், வெளியே எடுத்து ஊசிகளை நோக்குக. ஓர் ஊசி வளைந்தால் கெடுவது கார்டு மட்டுமன்று, சட்டகமே. கழற்றுவதற்கு முன்னர், அக்கார்டை நிறுத்துமாறு ஸ்விட்சுக்குக் கட்டளையிட்டு, அதன் விளக்கு அணைந்ததை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத சேதம். வறண்ட காற்றில் நைலான் ஆடை உடலில் உராய்ந்தாலே நம்மேல் மின்னூட்டம் சேர்கிறது. விரல் நுனியில் சுருக்கென்று நாம் உணர்வதற்கு ஏறக்குறைய 3,000 வோல்ட்டு தேவை. நுண்ணிய சில்லுகளிற் சில 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெட்டுவிடுகின்றன. ஆகவே, "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று தொழிலாளி கூறுவது ஆதாரமாகாது. கார்டு அன்றே செத்துவிட்டால்கூட நல்லது! காயமுற்ற சில்லு சில வாரங்கள் செம்மையாக வேலைசெய்து, பிறகு ஒரு நாள் நின்றுவிடுகிறது. காரணம் எவருக்கும் புலப்படாது. மாற்றுக் கார்டோ மலைச்சாலை வழியாகத்தான் வரவேண்டும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாற்றை அடுத்த பெரியவரைப் பாலம் இடிந்து, மறையூர்ச் சாலை துண்டுபட்டதை நினைவுகூர்ந்தால் இதன் பொருள் விளங்கும்.

பரிகாரம் எளியது. மணிக்கட்டில் மின்கசிவுப் பட்டை அணிந்து, அதன் கவ்வியைச் சட்டகத்தின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியில் பொருத்த வேண்டும். பட்டையிலுள்ள 10 லட்சம் ஓம் தடை, உடலிலுள்ள மின்னூட்டத்தை மெல்ல வடியச் செய்வதோடு, அணிந்தவரை மின்அதிர்ச்சியினின்றும் காக்கிறது. கார்டை முகப்புத் தகட்டிலும் ஓரங்களிலும் மட்டுமே பிடிக்க வேண்டும். செருகும் கணம் வரை அது தன் உறையிலேயே இருக்கட்டும். காலியான இடத்தை மூடு தகட்டால் அடைக்க வேண்டும். திறந்து விட்டால் விசிறியின் காற்று அவ்வழியே நழுவி, அண்டைக் கார்டுகள் சூடேறும்.

கண்ணாடி இழையில் ஒளி செல்லும் உட்கரு 9 மைக்ரான் அகலமே உடையது. தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அங்கே ஒட்டிய தூசி ஒளியை மறித்துவிடும். ஆதலால் இணைக்காத முனைகளுக்கு மூடி போட்டுவைக்க வேண்டும். முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அபாயம். அதில் வரும் ஒளி புலனாகாதது, ஆயினும் விழியைக் கெடுக்கவல்லது. நல்ல கார்டைப் பழுதென்று திருப்பியனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு; முனையைத் துடைத்துப் பார்க்கும் பொறுமையின்மையே பெரும்பாலும் இதற்குக் காரணம். துடைத்தும் பயனில்லையெனில், கார்டைக் கழற்றி உறையிலிட்டு, அது இருந்த இடத்தின் எண்ணையும் கண்ட குறையையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி உறையின்மேல் ஒட்டி அனுப்புக.