தாமரை ஏரி

இமாசலப் பிரதேசத்து மண்டி நகரினின்று காலையில் புறப்படுவோர், 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட மலைவழியைக் கடந்து, ரிவால்சர் ஏரியைக் கண்டு மாலையில் திரும்பிவிடலாம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,360 மீட்டர் உயரத்தில், மரஞ்செறிந்த குன்றுகள் சூழ விளங்கும் சிற்றேரி அது. நாணல் வளர்ந்த திட்டுகள் அதன் நீரில் மிதப்பதுண்டு. இந்துக்கள், சீக்கியர், பௌத்தர் ஆகிய முத்திறத்தார்க்கும் அது புனிதத் தலமாகும்.

திபெத்தியர் அதனைச் ‘சோ பெமா’ என்பர். ‘சோ’ என்பது ஏரி. ‘பெமா’ என்பது தாமரை. ‘பத்ம’ என்னும் வடசொல்லை நாம் ‘பதுமம்’ ஆக்கினோம். அவர்கள் ‘பெமா’ ஆக்கினர். அப்பெயருக்கு ஒரு கதை வழங்குகின்றது. பத்மசம்பவர் என்னும் பௌத்த ஆசான், மந்தாரவை என்னும் அரசிளங்குமரிக்கு அறம் உரைத்தார். அது கேட்டுச் சினந்த அரசன் அவரைத் தீயிலிட்டான். தீ நீராயிற்று, நீர்நடுவே தாமரைமேல் அவர் வீற்றிருந்தார். எட்டாம் நூற்றாண்டில் திபெத்து சென்று, சம்யே மடாலயம் எழத் துணைநின்றவர் அவரே என்பது திபெத்தியர் மரபு.

மாணவர்களே, ஏரியைச் சுற்றி வரும் முதியோரைப் பாருங்கள். அவர்கள் கையில் சிறு உருளை ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதனுள் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்னும் மந்திரம் பன்முறை பொறித்த தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். உருளை ஒருமுறை சுழன்றால், அத்தனை முறையும் ஓதியதாகக் கொள்வர். உருளையும் வலமாகவே சுழலும். மக்களும் வலமாகவே நடப்பர். கோயிலை வலம்வந்து பழகிய நம் கால்களுக்கு இதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை. மேலே கட்டிய கொடிகளில் நீலம் வானையும், வெண்மை காற்றையும், செம்மை தீயையும், பசுமை நீரையும், மஞ்சள் நிலத்தையும் குறிக்கும். ஐம்பூதங்களை நாம் நூலில் படிக்கின்றோம். அவர்கள் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகின்றனர்!

விருந்தினர்க்கு வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் கடைந்த தேநீர் அளிப்பது திபெத்தியர் வழக்கம். உப்பிட்ட தேநீரா என்று நகைத்தல் வேண்டா. குளிர் மிக்க பீடபூமியில் உடலுக்கு வலிமை தருவது அதுவே. சிறிது பருகியதும் கிண்ணத்தை மீண்டும் நிரப்பிவிடுவர்.

1959ஆம் ஆண்டு தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார், பல்லாயிரவர் பின்தொடர்ந்தனர். 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின்போது திபெத்தில் எண்ணற்ற மடாலயங்கள் இடிக்கப்பட்டன, ஏடுகள் எரிக்கப்பட்டன. அவ்விழப்பு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. காஞ்சியை அடுத்துப் பிறந்தவர் எனப்படும் திக்நாகர் வடமொழியில் இயற்றிய ‘பிரமாண சமுச்சயம்’ என்னும் அளவை நூல், இன்று திபெத்திய மொழிபெயர்ப்பிலேயே முழுமையாகக் கிடைக்கின்றது. நம் நாட்டுச் செல்வத்தை அவர்கள் ஆயிரம் ஆண்டு காத்துவந்தனர்.

அம்மொழியின் எழுத்தும் இந்திய எழுத்தினின்று பிறந்ததே. அதன் நெடுங்கணக்கு ககரத்தில் தொடங்குகின்றது. தமிழில் மொழிமுதலாக வருதற்கு அரிய ஙகரம், அங்கே தனித்து நின்று ‘நான்’ என்னும் பொருள் தரும்.