டாக்டர் மீது புகார்: மெடிக்கல் கவுன்சில் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்று நினைக்கும் குடும்பம் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடும். இல்லையென்றால் வக்கீலைத் தேடும். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பலருக்கு நினைவுக்கே வராது. 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு இது. மருத்துவப் பட்டம் மட்டும் போதாது, பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் வைத்தியம் பார்க்கலாம். தவறு நிரூபணமானால் அந்தப் பெயரை நீக்கும் அதிகாரமும் கவுன்சிலுக்கு உண்டு.

ஆனால் அது பார்ப்பது டாக்டரின் நடத்தையை மட்டும்தான். எச்சரிக்கலாம், சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரை நீக்கலாம். நஷ்ட ஈடு வாங்கித் தராது. அதற்கு நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. கிரிமினல் வழக்கு இன்னொரு பாதை. அதில் டாக்டரின் கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சித்த மருத்துவருக்கும் பல் டாக்டருக்கும் தனித்தனிக் கவுன்சில்கள் உண்டு. பதிவே இல்லாத போலி டாக்டர் என்றால் நேராகப் போலீஸ்தான்.

எதெல்லாம் தவறு என்பதை 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. ஸ்கேன் சென்டரிடமோ லேபிடமோ கமிஷன் வாங்குவது, பொய்ச் சான்றிதழ் தருவது, சம்மதம் பெறாமல் ஆபரேஷன் செய்வது எல்லாம் அதில் உண்டு. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. பழையதே தொடர்கிறது.

புகார் எழுதும் முன் கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கிவிடுங்கள். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டால் நாளைக்கு வா, மறுநாள் வா என்று அலைய விடுவார்கள். எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்வது நல்லது. புகாரில் கோபத்தைக் கொட்டுவதைவிட, எந்தத் தேதியில் எந்த டாக்டர் என்ன செய்தார் என்று வரிசையாக எழுதினால் விசாரிப்பவர்களுக்குப் பிடி கிடைக்கும். டாக்டருக்கு நோட்டீஸ் போகும், இரு தரப்பையும் கேட்பார்கள். ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது விதி. காகிதத்தில் இருக்கிற ஆறு மாதத்தை நம்பி மற்ற வழக்குகளைத் தள்ளிப் போட வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தின் இரண்டு ஆண்டுக் கெடு நமக்காகக் காத்திருக்காது.

எனக்கு உறுத்துவது மேல்முறையீடுதான். 2002 விதிகளில், தீர்ப்பால் பாதிக்கப்பட்ட எவரும் அன்றைய இந்திய மெடிக்கல் கவுன்சிலுக்கு 60 நாளுக்குள் போகலாம் என்று இருந்தது. அதன் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், 30ஆவது பிரிவில், மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்கு மட்டுமே சொல்கிறது. புகார் கொடுத்தவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. டாக்டருக்கு மேலே இரண்டு படிகள் இருக்கின்றன. நோயாளியின் குடும்பம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கிறது.