அறுத்தெடுத்த கட்டியும் எஞ்சிய ஈரலும்

கல்லீரலில் தோன்றிய புற்றுக்கட்டியை மருத்துவர்கள் முற்றிலும் அகற்றி, தையலும் ஆறி, நோயாளி எழுந்து நடமாடி மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய்க் காய்கறி வாங்கிவரும் அளவுக்குத் தேறிவிட்ட பிறகும், அவரும் அவர் குடும்பத்தாரும் மருத்துவரிடம் கேட்காமல் விடாத கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், மறுபடியும் வராதே?" வேறு பல புற்றுநோய்களைக் காட்டிலும் இந்த நோயில் அதற்குப் பதில் கூறுவது கடினம், ஏனெனில் சஸ்திர சிகிச்சை பெற்றவர்களுள் ஐந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு எழுபது பேர் வரையில் அது திரும்பிவிடுகிறது என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். யாருக்குத் திரும்பும், எப்போது திரும்பும் என்பதை ஓரளவேனும் முன்னறியும் முயற்சி சில பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. அம்முயற்சியின் பலன்களை நோக்குகையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, அகற்றப்பட்ட கட்டியைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அக்கறையில் பாதியளவுகூட உடலுக்குள் எஞ்சிநிற்கும் ஈரலைப் பற்றிக் கொள்வதில்லை என்பதே.

திரும்பி வருவது என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அதில் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன. சிகிச்சைக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள் தலைகாட்டுவது பெரும்பாலும் பழைய கட்டியின் வித்து. அறுவைக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாமல் ஈரலின் வேறிடத்தில் போய்த் தங்கியிருந்த உயிரணுக்கள் பின்னர் வளர்வதால் உண்டாவது. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் தோன்றுவதோ பெரும்பாலும் புதிய நோய்; முதல் கட்டியை விளைவித்த அதே நிலத்தில், முன்னதற்குச் சம்பந்தமின்றி, இன்னொன்று முளைப்பது. எல்லை இவ்வளவு திட்டமாக எல்லாரிடத்தும் அமைவதில்லை என்றாலும், இப்பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் மருத்துவர் கேட்கும் பரிசோதனைகளின் தாத்பரியம் எளிதில் விளங்கும்.

முதல்வகை மீட்சியை முன்னறிவிக்கும் குறிகள் கட்டியிடத்திலேயே கிடைக்கின்றன. கட்டி எவ்வளவு பெரியது, ஒன்றா பலவா, பக்கத்தில் சிறு துணைக்கட்டிகள் உண்டா என்பவை ஸ்கேனிலேயே தெரியலாம்; ஆனால் எல்லாவற்றிலும் கனமான குறி, அகற்றிய துண்டை நுண்நோக்கியில் வைத்துப் பார்க்கும் பத்தாலஜி நிபுணரின் அறிக்கையில்தான் வருகிறது. குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தின் நுண்ணிய கிளைகளுக்குள் புற்றணுக்கள் புகுந்திருக்கின்றனவா என்று அவர் தேடுகிறார். புகுந்திருந்தால், அவை அந்த ஓட்டத்தோடு ஈரலின் பிற பகுதிகளுக்குப் போயிருக்கக்கூடும். இக்காரணம் பற்றியே ஜப்பானிய அறுவை மருத்துவர் மசடோஷி மக்குச்சி, 1980களில், அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையால் ஒரு நாளக்கிளை ஊட்டும் பகுதி முழுவதையும் சாயமேற்றி அடையாளங்கண்டு, கட்டியை மட்டும் அல்லாமல் அப்பகுதியையே எடுக்கும் முறையை வகுத்தார்.

ரத்தத்திலும் ஒரு குறி உண்டு. கருவில் இருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம், பிறந்தபின் அநேகமாக மறைந்து, கல்லீரல் புற்றில் மறுபடியும் தோன்றுகிறது. இதனை 1963இல் சோவியத் விஞ்ஞானி அபெலெவ் எலிகளிடமும், மறு ஆண்டு தத்தாரினோவ் மனிதரிடமும் கண்டனர். சிகிச்சைக்கு முன் அளவு மிக உயர்ந்திருந்தால் ஆபத்து அதிகம். சிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் அது இறங்காவிட்டால் நோய் எங்கோ எஞ்சியிருக்கிறது என்று ஐயுற வேண்டும். எனினும் கணிசமான நோயாளிகளுக்கு இப்புரதம் ஏறுவதே இல்லை. ஆகையால் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதைக் கொண்டு ஸ்கேனைக் கைவிடுவது தவறு.

இக்குறிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து எண்ணாக்கிக் காட்டும் கணக்குமுறைகள் பல உள. 2018இல் வெளிவந்த ‘எராசல்’ என்னும் கணிப்பு, ஆசிய, ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகள் ஏறத்தாழ 3,900 பேரின் வரலாற்றைக் கொண்டு உருவாக்கிச் சோதிக்கப்பட்டது. நோயாளி ஆணா பெண்ணா, ரத்தத்தில் ஆல்புமினும் பிலிருபினும் எவ்வளவு, கட்டியின் அளவும் எண்ணிக்கையும் யாவை, நுண்நாளங்களில் புற்று புகுந்ததா என்பவற்றைப் பார்த்து முதல் இரண்டாண்டு ஆபத்தை அது வகுக்கிறது. ஆல்புமினும் பிலிருபினும் ஈரலின் ஆரோக்கியத்தைக் காட்டுபவை என்பது கவனிக்கத்தக்கது. கட்டியின் எதிர்காலத்தைக் கணிக்க வந்த கணக்கிலும் எஞ்சிய ஈரல் இடம்பிடித்துவிட்டது.

இதனை இன்னும் தெளிவாக நிலைநாட்டியது 2008இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆராய்ச்சி. ஹோஷிதா என்பவரும் அவருடைய சகாக்களும், ஃபார்மலினில் பதப்படுத்திப் பல ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருந்த திசுத்துண்டுகளிலிருந்து மரபணுக்களின் இயக்கத்தைப் படித்தறிந்தார்கள். கட்டியின் மரபணுக்கள் நோயாளியின் ஆயுளைப் பற்றி அவர்களுக்குத் தெளிவாக ஒன்றும் கூறவில்லை. கட்டியைச் சூழ்ந்திருந்த, புற்றில்லாத ஈரலின் 186 மரபணுக்கள் கூறின. வெகுகாலம் அழற்சியில் வெந்து தழும்பேறிய ஈரல், தனக்கு நேரப்போவதைத் தன்னிடமே எழுதி வைத்திருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

அவ்வழற்சியை உண்டாக்குபவை ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ்கள், மது, சர்க்கரை வியாதியோடும் உடற்பருமனோடும் கூடிவரும் கொழுப்பு ஈரல் ஆகியவை. இவற்றுள் பி வைரஸோடு நம் நகரத்துக்கு ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. அவ்வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை 1960களில் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க், தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். பி. தியாகராஜன் முதலானோருடன் சேர்ந்து, கீழாநெல்லி பற்றிய ஓர் ஆய்வை 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார். மூலிகை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் நீங்கியதாக அது தெரிவித்தது. பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த பரிசோதனைகள் அந்த முடிவை உறுதிசெய்யவில்லை. நம் மண்ணின் மூலிகையை விஞ்ஞானத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்த்த அம்முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் ஈரலில் அறுவை செய்துகொண்ட ஒருவர், நாட்டுமருந்துக் கடைக் கீழாநெல்லிப் பொடியை நம்பி டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை நிறுத்திவிடலாகாது. நோய் மீள்வதை, அதிலும் இரண்டாம்வகை மீட்சியை, இம்மாத்திரைகள் குறைக்கின்றன என்பதற்குச் சான்று வலுவானது. மதுவை அடியோடு விட்டுவிடுவதும் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் எஞ்சிய ஈரலுக்குச் செய்யும் சிகிச்சையே. புற்றையே நேரே தடுக்கும் மருந்தென்று ஐயமற நிலைபெற்றது இன்னும் ஏதுமில்லை. 2015இல் சொராஃபெனிப் ஏமாற்றமளித்தது. அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற கூட்டு மருந்து 2023இல் தந்த நம்பிக்கை மறு ஆண்டே தளர்ந்தது.

நிலத்தையே மாற்றிவிடுவதுதான் ஈரல் மாற்றுச் சிகிச்சை. தனிக்கட்டியாயின் 5 சென்டிமீட்டருக்கு மிகாமலும், மூன்று வரை இருப்பின் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மிகாமலும் உள்ளவர்களுக்கு மாற்று ஈரல் பொருத்தினால் நோய் திரும்புவது மிக அருகிவிடுகிறது என்று இத்தாலியின் மத்சாஃபெர்ரோ 1996இல் காட்டிய வரையறை இன்றும் பெரிதும் கைக்கொள்ளப்படுகிறது. ஆனால் ஈரல் கிடைப்பது அரிது.

இக்கணக்குகள் யாவும் கூட்டத்தைப் பற்றிப் பேசுபவை. "நூற்றுக்கு நாற்பது" என்றால், எதிரே அமர்ந்திருக்கும் இவர் அந்த நாற்பதில் ஒருவரா என்பதை எந்தக் கணக்கும் கூறாது. அன்றியும், நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் விடாது தொடர்ந்து சென்றவர்களின் உழைப்பு எவ்வளவோ, அவ்வளவே கணிப்பின் மதிப்பும். இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அடையாறு புற்றுநோய் நிலையத்தார் முக்கியமானவர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்நிலையம், 1980களின் தொடக்கம் முதல் சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டையும் பேணிவருகிறது. ஆர். சுவாமிநாதன், ஆர். ரமா, வி. சாந்தா ஆகியோர் 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய கட்டுரையின் சாரம் இது: கடிதம், தொலைபேசி, வீட்டுக்கே நேரில் செல்லுதல் ஆகிய வழிகளால் நோயாளியைத் தேடிப்போகாமல், செய்தி வராதவர்களை உயிரோடிருப்பவர்களாகவே எண்ணிக்கொண்டால், பிழைத்தோர் விகிதம் மெய்யைவிட உயர்வாகத் தோன்றிவிடும். மீட்சிக் கணிப்புக்கும் இது பொருந்தும்; ஸ்கேனுக்கு வராதவரின் நோய் ஏட்டில் திரும்புவதே இல்லை. நம் மக்களின் ஈரல் நோய்க்கான காரணங்கள் சீனத்திலும் ஜப்பானிலும் உள்ள அதே கலவையில் அமையாததால், அங்கே பிறந்த சூத்திரங்களையும், இப்போது ஸ்கேன் படங்களைப் படித்துக் கணிக்க வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும், நம் நோயாளிகளைக் கொண்டே உரைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய முதற்பொருள் தொடர்ந்து வரும் நோயாளி.

ஆகவே அறுவைக்குப் பின் முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், அப்பால் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுமாறு மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். சிறிதாக இருக்கையில் கண்டால் மறுபடி அறுக்கலாம். ஊசிவழியே வெப்பம் செலுத்திப் பொசுக்கலாம். சிலருக்கு மாற்று ஈரலும் பொருத்தலாம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சென்னைக்கு வந்து, கிரீம்ஸ் சாலைப் பக்கத்து லாட்ஜுகளில் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்புவோர் தவணைதோறும் இங்கே வருவது இயலாத காரியம். அவர்களும், தியாகராய நகரில் ஒரு ஸ்கேன், வேறோரிடத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை என்று மாறிமாறிச் செய்துகொள்ளும் நம்மவரும், பத்தாலஜி அறிக்கையின் நகலையும் அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனின் சி.டி.யையும் கேட்டு வாங்கித் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். நுண்நாளங்களில் புற்று புகுந்ததா, எஞ்சிய ஈரல் எந்த அளவுக்குத் தழும்பேறியிருக்கிறது என்னும் இரண்டு செய்திகளும் அவ்வறிக்கையில் இருக்கின்றனவா என்று மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்து எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் காட்டினாலும் அவர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.