தேசிய கீதத்துக்கு இசை தந்த ஊர்... பெயரை இழந்தது ஏன்? ஒரு ஸ்லோவேனிய கிராமத்தின் கதை

ஸ்லோவேனியாவின் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர் ஸ்டாங்கோ பிரெம்ரல். 1880-ல் பிறந்த அவரின் சொந்த ஊர் ஷெம்பிட். ஆனால், இன்றைய வரைபடத்தில் அந்த இடத்தில் இருப்பது 'பொட்நானோஸ்' என்ற பெயர். ஊர் அதே இடத்தில்தான் இருக்கு, தேவாலயமும் அதேதான். பெயர் மட்டும் மாறிவிட்டது.

சில நூறு பேர் மட்டுமே வாழும் ஒரு கிராமத்தின் பெயரில் அரசாங்கம் ஏன் கை வைத்தது?

எங்கே இருக்கு இந்த ஊர்?

ஸ்லோவேனியாவின் மேற்கே, இத்தாலி எல்லையை ஒட்டிய பகுதியில் இருக்கிறது விபாவா பள்ளத்தாக்கு. திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒயினுக்கும் பேர்போன இடம். இங்கே நானோஸ் என்ற மலையின் அடிவாரத்தில் இந்த ஊர் அமைந்திருக்கிறது.

இந்தப் பகுதியின் இன்னொரு அடையாளம் 'புர்யா' என்கிற குளிர்காற்று. மலையிலிருந்து இறங்கும் இந்தக் காற்று வேகமெடுத்தால் லாரியைக்கூட கவிழ்த்துவிடும். ஓடுகள் பறக்காமல் இருக்க, கூரை மேல் கல்லை வைப்பது இங்கே பழைய வழக்கம்.

'ஷெம்பிட்' என்றால் என்ன?

லத்தீனில் புனிதரைக் குறிக்கும் 'சாங்டுஸ்' என்ற சொல், ஸ்லோவேனிய ஊர்ப் பெயர்களில் 'ஷென்ட்' என்று ஆனது. 'விட்' என்பது புனித விட்டஸின் ஸ்லோவேனியப் பெயர். ஊரின் தேவாலயம் அவருக்கானது. இரண்டும் சேர்ந்து 'ஷென்ட் விட்'. மக்கள் பேசிப் பேசி, அதுவே 'ஷெம்பிட்' ஆகிவிட்டது.

ஸ்லோவேனியாவில் இப்படி நிறைய ஊர்கள் உண்டு. ஷெண்ட்யூர் என்றால் புனித ஜார்ஜ். ஷ்மார்ட்னோ என்றால் புனித மார்ட்டின். பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு புனிதர் இருப்பார்.

ஒரே தலைமுறை, மூன்று நாடுகள்

முதல் உலகப்போர் முடியும் வரை இந்தப் பகுதி ஆஸ்திரிய - ஹங்கேரி பேரரசில் இருந்தது. 1920 ராப்பல்லோ ஒப்பந்தத்தால் இத்தாலிக்குப் போனது. முசோலினி ஆட்சியில் பள்ளிகளிலிருந்து ஸ்லோவேனிய மொழி வெளியேற்றப்பட்டது. ஊர்ப் பெயர்களும் இத்தாலிய மயமாயின. ஷெம்பிட்டுக்கு வந்த பெயர் 'சான் விட்டோ'. கவனித்தால், மொழிதான் மாறியது. புனிதர் அப்படியே இருந்தார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1947-ல் இந்தப் பகுதி யுகோஸ்லாவியாவோடு சேர்ந்தது. இனி தாய்மொழியில் பேசலாம், படிக்கலாம். ஆனால் பெயருக்குத்தான் ஆபத்து வந்தது.

1948 சட்டம் செய்தது என்ன?

ஊர்கள், தெருக்கள், சதுக்கங்களின் பெயர்கள் தொடர்பாக 1948-ல் ஒரு சட்டம் வந்தது. ஊர்ப் பெயர்களில் இருக்கும் மத அடையாளங்களை நீக்குவது கம்யூனிஸ்ட் அரசின் நோக்கம். அதன்படி 1952-ல் ஷென்ட் விட், 'பொட்நானோஸ்' ஆனது. 'பொட்' என்றால் 'கீழே'. அதாவது, நானோஸ் மலையடிவாரம். அர்த்தத்தில் தப்பில்லை, மலை அங்கேதானே இருக்கு! ஆனால், அந்த அடிவாரத்தில் இருக்கும் எந்த ஊருக்கும் இந்தப் பெயர் பொருந்தும்.

அதே பள்ளத்தாக்கில் இன்னொரு ஊர், 'ஸ்வெட்டி கிரிஷ்'. பொருள், புனிதச் சிலுவை. அது 1955-ல் 'விபாவ்ஸ்கி கிரிஷ்' ஆனது. 'புனித' போய்விட்டது, சிலுவை தப்பித்தது!

பாதிரியாரும் போராளியும்

இதில் ஒரு முரண் இருக்கு. இந்த ஊர் புதிய அரசுக்கு அந்நியமானதே இல்லை. இத்தாலிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடி 1943-ல் உயிரிழந்த யாங்கோ பிரெம்ரல் - வோய்கோ இந்த மண்ணைச் சேர்ந்தவர்தான். யுகோஸ்லாவியா அவருக்கு 'மக்கள் வீரர்' பட்டம் தந்தது. லியூப்லியானாவில் அவர் பெயரில் சாலையே இருக்கு. ஆனாலும் ஊரின் பெயர் தப்பவில்லை.

ஸ்டாங்கோ பிரெம்ரல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பிரான்ஸே பிரெஷரன் 1844-ல் எழுதிய 'ஸ்ட்ராவ்லிட்சா' கவிதைக்கு 1905-ல் இசையமைத்தார். அந்தக் கவிதையும் லேசில் வெளியே வரவில்லை. தணிக்கையால் முடக்கப்பட்டு, 1848-ல்தான் அச்சானது. தன் ஊரின் பெயர் மாற்றப்பட்டபோது பிரெம்ரல் 70 வயதைக் கடந்திருந்தார். 1965-ல் காலமானார். 1989-ல் ஸ்லோவேனியா அந்தப் பாடலைத் தன் கீதமாக ஏற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பழைய பெயர் திரும்பியதா?

1991-ல் ஸ்லோவேனியா சுதந்திர நாடானது. அந்தப் பத்தாண்டில் பல ஊர்கள் பழைய பெயரை மீட்டன. 'கிராடிஷ்சே' என்று மாற்றப்பட்ட ஊர், 1992-ல் மீண்டும் 'ஸ்வெட்டா ட்ரொயிட்சா' ஆனது. பொருள், புனிதத் திரித்துவம்.

பொட்நானோஸ் அந்தப் பட்டியலில் இல்லை. சாலைப் பலகையிலும் அரசு ஆவணங்களிலும் 1952-ல் வந்த பெயரே தொடர்கிறது. ஆனால் உள்ளூர்ப் பேச்சில் ஷெம்பிட் இன்னும் உயிரோடு இருக்கு. பெயரை மாற்ற ஒரு சட்டம் போதும். ஊர்க்காரர்களின் வாயிலிருந்து அதை எடுக்க, 70 ஆண்டுகளும் போதவில்லை.