கார்த்திகைப்பூ: பூவை அறிவோம், கிழங்கை அறிவோமா?

மாரி மழை விழுந்ததும் வேலியோரத்திலும் பனங்கூடலிலும் பற்றைகளுக்குள்ளும் ஒரு கொடி தலைகாட்டும். கார்த்திகை மாதத்தில் அது பூத்து நிற்கும். வடக்கிலும் கிழக்கிலும் கார்த்திகைப்பூவைத் தெரியாதவர்கள் அரிது. போரில் இழந்தவர்களை நினைவுகூரும் மாதத்தில் மலர்வதால் எம்மவர் மனங்களில் அதற்குத் தனியிடம் உண்டு. சங்கப் புலவர்கள் காந்தள் என்று பாடியதும் இதைத்தான். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப் பட்டியலில் முதலில் வருவது செங்காந்தள்.

ஆனால், பூவை அறிந்த அளவுக்கு நாம் அதன் கிழங்கை அறிந்திருக்கவில்லை. பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்து பற்றை மண்டிய வளவுகளைத் துப்புரவு செய்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் இந்தக் கிழங்கை வத்தாளை என்றோ வேறு உணவுக் கிழங்கு என்றோ எண்ணி அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள்.

சிறிய சாதி, நெருங்கிய உறவுகள்

தாவரவியலில் இதன் பெயர் குளோரியோசா சுப்பேர்பா. சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1753 இல் இப்பெயரை வெளியிட்டார். குளோரியோசா என்ற சாதியில் இருப்பவை ஏறத்தாழ ஒரு டசின் இனங்களே. அவற்றில் பெரும்பாலானவை ஆபிரிக்காவுக்கு உரியவை. இலங்கையில் இயற்கையாக வளர்வது சுப்பேர்பா மட்டுமே. சிம்பாப்வேயின் தேசிய மலரும் தமிழ்நாட்டின் மாநில மலரும் இதே இனந்தான்.

இந்தச் சாதியின் எல்லை பலமுறை மாறியிருக்கிறது. பூவின் நிறத்தையும் இதழின் நெளிவையும் மட்டும் பார்த்து முன்னர் பல தனி இனங்களைப் பிரித்திருந்தார்கள். தோட்டங்களில் ரொத்சில்டியானா என்ற பெயரில் வளர்க்கப்படுவதும் சுப்பேர்பாவே என்று இப்போது கொள்ளப்படுகிறது. மறுபக்கத்தில், மணிபோன்ற பூக்கள் கொண்ட லிட்டோனியா என்ற ஆபிரிக்கச் சாதி, மரபணு ஆய்வுகளின் பின்னர் 2007 இல் குளோரியோசாவுக்குள் சேர்க்கப்பட்டது.

குடும்பமும் மாறியது. பழைய நூல்கள் கார்த்திகைப்பூவை லிலிக் குடும்பத்தில் வைத்தன. இன்றைய வகைப்பாட்டில் அது கொல்சிகேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் வளரும் கொல்சிகம் என்ற நச்சுச்செடியின் பெயரால் அமைந்த குடும்பம் இது. அச்செடியிலிருந்து 1820 இல் பிரித்தெடுக்கப்பட்ட கொல்சிசின் என்ற நஞ்சே கார்த்திகைக் கிழங்கிலும் இருக்கிறது. தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திராத இந்த இரண்டு செடிகளும் நஞ்சில் உறவினர்.

எப்படி அடையாளம் காண்பது?

இலையின் நுனி நீண்டு சுருண்டு தந்தாக மாறியிருக்கும். அதனால் பற்றிக்கொண்டே கொடி ஏறும். பூவில் ஆறு இதழ்கள் பின்புறமாக மடிந்து, விளிம்பு நெளிந்து, சுவாலைபோல் மேல்நோக்கி நிற்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, நாட்கள் செல்லச் செல்லச் சிவக்கும். ஆறு கேசரங்கள் வெளிப்புறமாக விரிந்திருக்கும். பெண்பாகத்தின் தண்டு அடியிலேயே மடிந்து பக்கவாட்டில் நீளும்.

கிழங்கு இரண்டு கைகளாகப் பிரிந்து கலப்பைபோல் வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. வடமொழியில் லாங்கலி என்பதும் கலப்பையைக் குறிக்கும் சொல்லில் இருந்தே பிறந்தது. ஆனால் தோண்டும்போது ஒரு கை முறிந்துவிட்டால் அது சாதாரண உணவுக் கிழங்கைப் போலவே தெரியும். அதைவிட ஆபத்தானது கோடைகாலம். அப்போது கொடி காய்ந்து மறைந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு கிடக்கும். எச்சரிக்க இலையும் இல்லை, பூவும் இல்லை.

உடலுக்குள் நடப்பது

கொல்சிசின் உடற்கலங்கள் பிரிவதைத் தடுக்கிறது. ஆகவே, கலங்கள் வேகமாகப் பிரியும் குடலும் எலும்பு மச்சையும் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றன. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம் தொடங்கும். அடுத்த நாட்களில் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கலாம். உயிர் தப்பியவர்களுக்கும் பின்னர் தலைமயிர் கொட்டுவதுண்டு. அவித்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை. செடியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை கொண்டவை. கிழங்கும் விதையும் மிகவும் கூடியவை.

இதே கொல்சிசின் அளவறிந்து கொடுக்கப்படும்போது கீல்வாத நோய்க்கு மருந்தாகிறது. தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல், திருப்பூர்ப் பகுதிகளில் விதைக்காகவே இக்கொடி பயிரிடப்பட்டு ஏற்றுமதியாகிறது. ஆனால் அது தொழிற்சாலையில் பிரித்து அளக்கப்படும் மருந்து. வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல.

நாம் செய்ய வேண்டியவை சில. இலையும் கொடியும் பார்த்து உறுதிசெய்யாத காட்டுக் கிழங்கைச் சமைக்க வேண்டாம். மண் கொத்தும்போது வெளிவரும் கிழங்குகளைச் சிறுவர் கையில் விட வேண்டாம். யாராவது சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திராமல், எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் சிகிச்சையைக் கடினமாக்கும்.

இதற்காக வேலியில் நிற்கும் கொடியை வெட்டி அழிக்கத் தேவையில்லை. அது யாரையும் தேடி வந்து கெடுப்பதில்லை. பூவைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, அதன் கீழே மண்ணுக்குள் இருப்பது என்னவென்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.